காட்டுப் பாதைக்கு ஏ.டி.வி... நமக்குக் கட்டுபடியாகுமா?

நாங்குநேரி தாலுகாவின் மேற்குப் பக்கம், களக்காடு தொடங்கி திருக்குறுங்குடி வரை மலையடிவாரத்தில் வாழை வைத்திருப்பவர்களுக்குத் தோட்டத்து வேலை பாதி, தோட்டத்துக்குப் போய் வருகிற வேலை பாதி. சரக்கு ஏற்றும் லாரி ரோட்டோரம் நின்றுவிடும். அங்கிருந்து குளத்துக்கரை, ஓடை, பாறை, உடைமுள் என்று எல்லாவற்றையும் கடந்துதான் தோட்டம். வெட்டிய வாழைத்தாரை அன்றைக்கே லாரியில் ஏற்றியாக வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் அரை கிலோ மீட்டர் பாதையே அரைநாள் வேலையாகிவிடும்.

இதனால்தான், செல்போனில் வெளிநாட்டு வீடியோக்களைப் பார்க்கும் இளவட்டங்கள், "இந்த நாலு சக்கர பைக் ஒண்ணு இருந்தா போதுமே... சேறு, பாறை எல்லாத்துலயும் ஏறுதே" என்கிறார்கள். 'ஆல் டெரெய்ன் வெஹிக்கிள்', சுருக்கமாக ஏ.டி.வி. என்று சொல்லப்படும் வண்டி அது. அமெரிக்காவில் வேட்டைக்காரர்களும் பண்ணைக்காரர்களும் வைத்திருக்கும் வண்டி. 1970-ல் ஹோண்டா நிறுவனம் மூன்று சக்கரத்தில் கொண்டு வந்தது. 1980-களில் நாலு சக்கரமானது.

பெரிய ஏ.டி.வி. நம் பாதைக்குச் சரிப்படுமா, நம்பி வாங்கலாமா, வாங்கினால் சட்டச் சிக்கல் வருமா என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

வண்டி என்ன செய்யும், என்ன செய்யாது?

நம் நாட்டில் டிராக்டர் வகையில் பதிவு செய்யக்கூடிய ஏ.டி.வி.யாக 2019-ல் விற்பனைக்கு வந்தது, அமெரிக்காவின் போலாரிஸ் நிறுவனத்தின் 'ஸ்போர்ட்ஸ்மேன் 570'. அப்போது ஷோரூம் விலையே ஏறக்குறைய 8 லட்சம் ரூபாய். 567 சி.சி. பெட்ரோல் எஞ்சின், 34 ஹெச்.பி. அளவுக்குச் சக்தி. நாலு சக்கரத்துக்கும் இழுவை உண்டு. அகலம் 4 அடி. தரையிலிருந்து அடிப்பாகம் 11 அங்குல உயரம். ஆறடிக்கு ஆறடி நட்ட வாழைத் தோட்டத்தில் வரிசைக்கு நடுவே, இலையை ஒதுக்கிக்கொண்டு போய்விடலாம்.

அதன் சுமையளவைப் பாருங்கள். முன் கேரியரில் சுமார் 41 கிலோ, பின் கேரியரில் சுமார் 82 கிலோ. ஒரு ஏத்தன் தார் 12 கிலோ என்று வைத்தால் ஒரு நடைக்கு 10 தார். பின்னால் டிரெய்லர் பூட்டினால் 550 கிலோ வரை இழுக்கும். டிரெய்லரின் சொந்த எடை 150 கிலோ போக, 400 கிலோ சரக்கு. அதாவது 33 தார். ஒரே நாளில் 300 தார் வெட்டினால் 9 நடைக்கு மேல் போக வேண்டும்.

உழவு ஓட்டாது. ரோட்டவேட்டர் பூட்டுவதற்கு, டிராக்டரில் இருப்பதுபோல் பின்பக்கம் பி.டி.ஓ. தண்டு இதில் கிடையாது. ஆக, இது ஆளையும் அளவான சுமையையும் மோசமான பாதையில் கொண்டு சேர்க்கும் வண்டி. டிராக்டர் செய்யும் வேலையை இதனிடம் எதிர்பார்த்து வாங்கினால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

ஒரு தாருக்கு எவ்வளவு செலவு?

8 லட்சம் ரூபாயும் கடன் என்று வையுங்கள். 10% வட்டியில் 5 ஆண்டுத் தவணை என்றால் மாதம் ஏறக்குறைய 17,000 ரூபாய். ஆண்டுக்கு 2,04,000 ரூபாய். ஆறடி இடைவெளியில் ஏக்கருக்கு 1,210 வாழை.

3 ஏக்கர்காரருக்கு 3,630 வாழை. வண்டித் தவணை மட்டும் ஒரு தாருக்கு 56 ரூபாய் விழும். பெட்ரோல், டயர், பழுது எல்லாம் இதற்கு மேல். காற்றில் சாய்ந்ததும் பன்றி தள்ளியதும் போக மிச்சத் தாரில் கணக்குப் பார்த்தால் இன்னும் கூடும்.

5 பேர் சேர்ந்து 15 ஏக்கருக்கு ஒரு வண்டி என்றால் தாருக்கு 11 ரூபாய். 25 ஏக்கர் உள்ளவருக்கு 7 ரூபாய்க்கும் குறைவு.

நம்மில் பெரும்பாலோர் 2 ஏக்கர், 3 ஏக்கர்காரர்கள். தனியாளாகப் பெரிய ஏ.டி.வி. வாங்குவது நமக்குக் கட்டுபடியாகாது. ஆசைப்பட்டு மாட்டிக்கொள்ளும் முன், இந்தக் கணக்கை உங்கள் ஏக்கருக்கு ஒரு முறை போட்டுப் பாருங்கள்.

வேட்டைக்கு... வேண்டவே வேண்டாம்!

வெளிநாட்டில் இந்த வண்டியை வேட்டைக்கு வாங்குகிறார்கள். இங்கே 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம். கொல்வது மட்டுமல்லாமல், சுருக்கு வைப்பது, இரை வைத்துப் பிடிப்பது, விரட்டிப் பிடிப்பது, அதற்கு முயற்சி செய்வதுகூடச் சட்டத்தில் 'வேட்டை' என்ற சொல்லுக்குள் வருகிறது. ராத்திரி லைட் போட்டுக்கொண்டு பன்றியை வண்டியில் துரத்தினால், "என் பயிரைக் காப்பாத்தத்தான் போனேன்" என்பது நிற்காமல் போகலாம். குற்றத்துக்குப் பயன்படுத்தியதாகப் பிடிபட்ட வண்டி அரசுக்குச் சொந்தமாகவும் அந்தச் சட்டத்தில் வழி இருக்கிறது. தவணை மட்டும் உங்கள் தலையில் இருக்கும்.

நம் மேற்கு எல்லையில் இருப்பது களக்காடு-முண்டந்துறை புலிகள் காப்பகம். முண்டந்துறை 1962-லும் களக்காடு 1976-லும் சரணாலயமாகி, 1988-ல் இரண்டும் சேர்ந்து தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகமானது. அனுமதி இல்லாமல் அதற்குள் வண்டி ஓட்டுவதே குற்றம். காட்டுக்குள் 'டிரெயில்' போகிற ஆசைக்கு இங்கே இடமில்லை.

பன்றித் தொல்லை உண்மையானது. அதற்கு வேறு வழி பார்க்க வேண்டும். 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்த முறைப்படி, காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கிலோ மீட்டர் வரை காட்டுப்பன்றியைச் சுடக் கூடாது. 1 முதல் 3 கிலோ மீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கிலோ மீட்டருக்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம். எந்த இடத்திலும் விவசாயி தானாகச் சுட அனுமதி இல்லை. உங்கள் தோட்டம் எந்த எல்லைக்குள் வருகிறது என்று வனச்சரக அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டு, கிராம நிர்வாக அலுவலர் மூலம் மனுக் கொடுங்கள். பயிர் சேதமானால் போட்டோ எடுத்து, நிவாரணத்துக்கு விண்ணப்பித்து, அதிகாரிகள் பார்வையிட்ட பிறகே அழித்துச் சுத்தம் செய்ய வேண்டும்.

நம்ம ஊர் ஏ.டி.வி.!

நம் பக்கத்தில் ஏற்கெனவே ஒரு வண்டி வரப்பிலும் குளத்துக்கரையிலும் ஓடிக்கொண்டிருக்கிறது. திருக்குறுங்குடியில் 1877-ல் பிறந்த டி.வி.சுந்தரம் அய்யங்கார் தொடங்கிய குழுமம், 1980-ல் கொண்டு வந்த டி.வி.எஸ்.50 மொபெட்டின் வழிவந்த எக்ஸ்.எல். வண்டிதான் அது. புல்லுக்கட்டு, உர மூட்டை, பால் கேன், ஸ்பிரேயர், ஆள் என்று அதில் ஏறாதது இல்லை. விலை லட்சத்துக்கும் கீழே.

எக்ஸ்.எல்.100 தாங்கும் சுமை 130 கிலோ. ஓட்டுபவர் 60 கிலோ என்றால் மிச்சம் 70 கிலோ. 5 தாருக்கு மேல் கணக்கில் வராது. அதற்கு மேல் ஏற்றுகிறோம் என்பது வேறு விஷயம். ஆனால், அது நின்றுபோனால் எந்த ஊரிலும் சரிபண்ண ஆள் உண்டு. ஸ்பார்க் பிளக் பெட்டிக்கடைத் தூரத்தில் கிடைக்கும். சேற்றில் புதைந்தால் இரண்டு பேர் சேர்ந்து தூக்கிவிடலாம். மூன்று ஏக்கர்காரருக்கு தினசரி போய்வர இதுபோல் நம்பகமான வண்டி வேறு இல்லை.

அடுத்தது, பழைய நாலு சக்கர இழுவை ஜீப். திருக்குறுங்குடி மலைநம்பி கோயிலுக்குப் பாறைப் பாதையில் பக்தர்களை ஏற்றிச் செல்லும் ஜீப்புகளைப் பார்த்தவர்களுக்கு அதன் பலம் தெரியும். வேகம் அதில் விஷயமே இல்லை; 'லோ கியர்' போட்டு, நடக்கிற வேகத்தில், கல் கல்லாக ஏறுகிறார்கள். கரடுமுரடான பாதையில் பார்க்க வேண்டியது இதைத்தான். எத்தனை ஹெச்.பி. என்பதைவிட, லோ கியர் இருக்கிறதா, நாலு சக்கர இழுவை ஒழுங்காக விழுகிறதா என்பதே முக்கியம்.

மூன்றாவது, 20 முதல் 28 ஹெச்.பி. வரையுள்ள, நாலு சக்கர இழுவை கொண்ட மினி டிராக்டர். மஹிந்திரா, குபோட்டா, வி.எஸ்.டி., ஜான் டீர் என்று பல நிறுவனங்கள் தருகின்றன. 5 முதல் 8 லட்சம் ரூபாய் அளவில் கிடைக்கும். ஏ.டி.வி.யின் காசுக்கே உழவும் ஓட்டும், மருந்தும் அடிக்கும், ஒரு டன்னுக்கு மேல் டிரெய்லரும் இழுக்கும். டீசல் வண்டி. வேளாண்மைப் பொறியியல் துறையின் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் மானியம் உண்டு. சிறு, குறு, பெண் விவசாயிகளுக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கும் கூடுதல் சதவிகிதம். முன்பணம் கொடுக்கும் முன், நீங்கள் வாங்கப்போகும் மாடல் மானியப் பட்டியலில் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். வாங்கிய பிறகு கேட்டால் பயனில்லை.

அப்போ, ஏ.டி.வி. யாருக்கு?

பெரிய பரப்பில், பல துண்டாகக் கிடக்கும் நிலத்தை நாள் முழுக்கச் சுற்றிப் பார்ப்பவர்; சாய்மானமான மலைச்சரிவில் மிளகு, ஏலம், தேயிலை வைத்திருப்பவர்; டிராக்டர் ஏற்கெனவே இருந்து, ஆள் போய்வர மட்டும் வண்டி தேடுபவர். இல்லாவிட்டால், வாடகைக்கு விடும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம். இவர்களுக்கு ஏ.டி.வி. பொருந்தும். இவர்களும் கீழே உள்ள விஷயங்களைச் சரிபார்த்த பிறகே கையெழுத்துப் போட வேண்டும்.

வாங்கும் முன் சரிபார்க்க...

1. பதிவு: இந்தியாவில் விற்கும் ஏ.டி.வி.களில் பெரும்பாலானவை ரோட்டில் ஓட்டப் பதிவாகாதவை. 'சொந்த நிலத்துக்குள் மட்டும்' என்றுதான் விற்கிறார்கள். உங்கள் இரண்டு வயலுக்கு நடுவே பஞ்சாயத்து ரோடு இருந்தால், அதைக் கடப்பதற்கும் பதிவும் இன்ஸூரன்ஸும் வேண்டும். "இந்த மாடலுக்கு ஆர்.சி. கிடைக்கும்" என்று விற்பவர் எழுதிக் கொடுக்கட்டும். அதோடு ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் கேட்டுவிடுங்கள். டிரெய்லருக்கும் தனிப் பதிவு உண்டு.

2. மெக்கானிக் தூரம்: சர்வீஸ் சென்டர் எந்த ஊரில் இருக்கிறது? மெக்கானிக் வீடு தேடி வருவாரா, வண்டியை நாம் லாரியில் ஏற்றிக்கொண்டு போக வேண்டுமா? நல்ல எஞ்சினாக இருந்தாலும், உதிரி பாகம் வர மூன்று வாரம் ஆகுமென்றால் அறுவடை நேரத்தில் அது நம்பகமான வண்டி கிடையாது. பெல்ட், பிரேக் கட்டை, ஏர் ஃபில்டர், ஆயில் ஃபில்டர் ஆகிய நான்கும் கையிருப்பில் உண்டா என்று கடையில் நேரில் பாருங்கள்.

3. பெல்ட்: பெரிய ஏ.டி.வி.களில் பெரும்பாலும் கியர் மாற்றும் வேலை கிடையாது. ரப்பர் பெல்ட்தான் சக்தியைக் கடத்துகிறது. சுமை இழுக்கும்போதும் மேடு ஏறும்போதும் 'லோ'வில் போடாமல் 'ஹை'யில் ஓட்டினால் பெல்ட் சூடேறித் தேய்ந்துபோகும். ஓடைத் தண்ணீர் பெல்ட் பெட்டிக்குள் போனால் வழுக்கும். யார் ஓட்டினாலும் முதலில் இதைச் சொல்லிக் கொடுங்கள்.

4. டயர் காற்று: இது பலருக்குத் தெரியாது. கார் டயருக்கு 30 பி.எஸ்.ஐ. அளவில் காற்றடிப்போம். ஏ.டி.வி. டயருக்கு 5 முதல் 7 பி.எஸ்.ஐ.தான். அந்த மென்மைதான் சேற்றிலும் மணலிலும் பிடிப்பைக் கொடுக்கிறது. பஞ்சர் கடையில் வழக்கம்போல் அடித்தால் வண்டி பந்துபோல் குதித்துக் கவிழும். குறைந்த அழுத்தம் காட்டும் கேஜ் ஒன்று சொந்தமாக வைத்திருங்கள்.

5. பழைய வண்டி என்றால்: ஹேண்டிலை முழுக்கத் திருப்பி மெதுவாக ஓட்டுங்கள், 'டக்... டக்...' என்று சத்தம் வந்தால் முன் ஆக்ஸில் ஜாயின்ட் போய்விட்டது. அந்த ஜாயின்டின் ரப்பர் உறை கிழிந்திருந்தால் உள்ளே மண் போயிருக்கும். ஆயில் குச்சியை எடுத்துப் பாருங்கள். ஆயில் பால் கலந்ததுபோல் இருந்தால் எஞ்சினுக்குள் தண்ணீர் போயிருக்கிறது, திரும்பி வந்துவிடுங்கள். சேஸிஸ் நம்பரும் ஆர்.சி.யும் ஒத்துப்போகிறதா என்று பார்க்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

6. பொம்மை வண்டி: லட்சம் ரூபாய் அளவுக்கு 110 சி.சி., 125 சி.சி. ஏ.டி.வி.கள் விளம்பரத்தில் வருகின்றன. ரிசார்ட்டில் பிள்ளைகள் சுற்றி வருவதற்கானவை அவை. பின் சக்கர இழுவை மட்டும்தான். பாறை ஏறவோ, சுமை இழுக்கவோ அவை தாங்காது.

7. நம் பாதையில் ஓட்டம்: ஷோரூம் வாசலில் ஓட்டிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். "எங்க தோட்டத்துப் பாதைக்குக் கொண்டு வாங்க" என்று கேளுங்கள். மண் ஈரமாக இருக்கும்போது, டிரெய்லரில் உண்மையான சுமையோடு, ஓடை இறங்கி ஏறிக் காட்டட்டும். கொண்டு வர மறுக்கிற கடை, பழுதான பிறகும் வராது.

உயிர் முக்கியம்!

ஆஸ்திரேலியப் பண்ணைகளில் இந்த நாலு சக்கர பைக் கவிழ்ந்து விவசாயிகள் இறப்பது பெரிய பிரச்னையானது. அதனால் 2021 அக்டோபர் 11 முதல், அங்கே விற்கும் புதிய பண்ணை ஏ.டி.வி.களில், கவிழ்ந்தாலும் ஆள் நசுங்காமல் காக்கும் அமைப்பு கட்டாயமாக்கப்பட்டது. 300 கிலோவுக்கு மேல் எடையுள்ள வண்டி, குளத்துக்கரைச் சரிவில் பக்கவாட்டில் உருண்டால் ஓட்டுபவர் அடியில் மாட்டிக்கொள்வார். பின்னால் ஆள் ஏற்றாதீர்கள். ஹெல்மெட் இல்லாமல் தோட்டத்துக்குள்ளும் ஓட்டாதீர்கள். சரிவில் குறுக்கே போகாமல் நேராக ஏறி, நேராக இறங்குங்கள். கேரியரில் மருந்து டிரம் வைத்தால், பாதி நிரம்பிய டிரம் வேண்டாம். உள்ளே தண்ணீர் அலம்பி வண்டியைச் சாய்த்துவிடும்.

வாசகர் கேள்விகள்

கேள்வி: "என் மகனுக்கு 16 வயசு. சொந்தத் தோட்டத்துக்குள்ள மட்டும் ஓட்டச் சொல்லலாமா?"

பதில்: வேண்டாம். ரோட்டில் ஓட்ட 18 வயது நிறைந்து, லைசென்ஸ் இருக்க வேண்டும். வயது நிறையாதவர் பொது இடத்தில் ஓட்டிக் குற்றமானால், 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி பெற்றோர் அல்லது வண்டி உரிமையாளருக்கு 25,000 ரூபாய் அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும் உண்டு. தோட்டத்துக்குள் சட்டம் கேட்காமல் இருக்கலாம். கவிழ்கிற வண்டி வயசு பார்க்காது. உடல் எடையைச் சாய்த்து வண்டியைக் கட்டுப்படுத்தும் பக்குவம் வரட்டும்.

கேள்வி: "பழைய டீசல் ஜீப் ஒண்ணு விலைக்கு வருது. 15 வருஷம் முடியப் போகுது. வாங்கலாமா?"

பதில்: சொந்த உபயோக வண்டிக்குப் பதிவு 15 ஆண்டுகள் செல்லும். பிறகு தகுதிச் சான்று பெற்று, 5 ஆண்டுகளுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். "புதுப்பித்து, பெயர் மாற்றித் தந்த பிறகு முழுப் பணம்" என்று பேசுங்கள். அடிச்சட்டம் துருப்பிடித்திருக்கிறதா, நாலு சக்கர இழுவை லீவர் விழுகிறதா என்பதை உங்கள் ஊர் மெக்கானிக்கை வைத்துப் பாருங்கள். அவருக்குக் கொடுக்கும் 500 ரூபாய் வீண் போகாது.

கேள்வி: "எங்க பாதை முழுக்க உடைமுள். வாரத்துக்கு ரெண்டு பஞ்சர். என்ன செய்ய?"

பதில்: டியூப்லெஸ் டயராக இருந்தால் பிளக் கிட்டும் சின்ன பம்ப்பும் வண்டியிலேயே வைத்திருங்கள், பத்து நிமிடத்தில் நீங்களே அடைத்துவிடலாம். டியூப் டயரில் முள் குத்தியதை உள்பக்கம் தடவிப் பார்த்து, ஒடிந்து நிற்கும் முனையை எடுக்காமல் டியூப் மாற்றினால் மறுநாளே மறுபடி பஞ்சர் ஆகும். ஓரத்து உடையும் சீமைக்கருவேலமும் வெட்டும்போது கிளையைப் பாதையில் போடாமல், அன்றைக்கே ஒதுக்கிக் குவித்துவிடுங்கள்.

கேள்வி: "நாங்க அஞ்சு பேர் சேர்ந்து வண்டி வாங்கலாம்னு இருக்கோம். யார் பேர்ல எடுக்கறது?"

பதில்: தனி ஒருவர் பெயரில் எடுத்தால் பின்னால் பகை வரும். உழவர் உற்பத்தியாளர் குழு அல்லது நிறுவனத்தின் பெயரில் எடுங்கள். குழுவாக வாடகை மையம் தொடங்கவும் மானியத் திட்டம் உண்டு. வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் கேளுங்கள். யாருக்கு எந்த நாள், பெட்ரோல் யார் போடுவது, பழுதானால் யார் செலவு, அறுவடை ஒரே நாளில் வந்தால் யாருக்கு முதலில் என்ற நான்கையும் வண்டி வாங்கும் முன்பே எழுதிக் கையெழுத்துப் போட்டு வையுங்கள். அதற்கு முன்னால், ஒரு சீசன் மினி டிராக்டரை வாடகைக்கு எடுத்து ஐந்து பேரும் சேர்ந்து ஓட்டிப் பாருங்கள். தமிழக அரசின் உழவன் செயலியிலேயே வாடகைக்குப் பதிவு செய்யலாம். அந்த ஒரு சீசனில், வண்டி ஒத்துவருமா என்பதோடு, அஞ்சு பேருக்கும் ஒத்துவருமா என்பதும் தெரிந்துவிடும்.